பில் கேட்டவள்

பேரம் பேசாமல் வாங்கினேன்.
அதுதான் முதல் தப்பு.

மாகிம் சந்தை, காலை ஏழரை.
சந்தா தாண்டேல் வாவலின் செவுளை
விரலால் நெம்பிக் காட்டினாள், குங்குமச் சிவப்பு.
"பாப்லெட். தாஜா."
கையுறை போட்ட கையால் தொட்டுப் பார்த்தேன்.
இரண்டாவது தப்பு.

வாவல் ஒன்று, இறால் கால் கிலோ,
மேலே கிடந்த ஐஸில் ஒரு பிடி, தனிப் பையில்.
"ஐஸ் எதுக்கு? வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையா?"
சிரித்தேன்.
பணத்தை நீட்டியபடி பில் கேட்டேன்.

கத்தி பலகையிலேயே நின்றது.
பக்கத்துக் கடைக்காரி
ஈரச் சாக்கை இழுத்துத் தன் கூடையை மூடினாள்.
மீன் தின்ன வருகிறவள் பில் கேட்பாளா?

பீடிக்கட்டின் தாளைக் கிழித்து
அதில் ஒரு தொகை எழுதித் தந்தாள்,
ஓரத்தில் ஈரக் கட்டைவிரல்.
கோப்பில் வைத்தேன்.
கோப்பு இன்னும் நாறுகிறது.

*

இருபத்தைந்து கிராம், துல்லியமாக.
அரைத்து, கலக்கி, தட்டில் கோடிழுத்து
முப்பத்தேழு டிகிரியில் வைத்துக் கதவை மூடினால்
அந்த இரும்புப் பெட்டி
ஒரு மனித உடம்பைப் போல நடிக்கும்.
நம்பி வளரும் அவை.

மறுநாள் திறந்தபோது
நாவல்பழச் சாறு உறைந்த நிறத்தில் தட்டு,
அதன்மேல் பொன்வண்டு முதுகுகள்.
பச்சையும் பொன்னுமாய் அப்படி ஒரு மினுக்கம்.
நான் பொன்வண்டை நேரில் பார்த்தவளில்லை,
தாராவி முனிசிபல் பள்ளியின் பாடப்புத்தகத்தில் பார்த்ததுதான்.
ஆனாலும் வேறு சொல் வரவில்லை.

அழகாயிருக்கிறதே என்று ஒரு நொடி.
அப்புறம்தான் பயம்.

இது கடலில் பிறந்த உயிரல்ல.
இதற்குச் சொந்த ஊர் நம் குடல்.
மீன் இதைக் கொண்டுவரவில்லை,
மீனுக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

எண்ணினேன்.
வாவல் சதையில் ஒன்றுமில்லை.
தோலில் முப்பத்தொன்று.
இறாலில் அதைவிடக் கூட.
ஐஸ் தட்டில் எண்ணிக்கொண்டே போய்
இருநூற்றுச் சொச்சத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.
எண்ணிலடங்கா என்று குறிக்க வேண்டும், அதுதான் விதி.
விண்மீனுக்குச் சொல்கிற சொல்.

படிவத்தில் கேட்டிருந்தது:
விற்பவர் பெயர். கடை எண். மீன் வகை. முடிவு.
ஐஸ் எங்கிருந்து வந்தது என்பதற்குக்
கட்டமே இல்லை.

"ஐஸ் வேற டிபார்ட்மென்ட்" என்றார் பெண்ட்ஸே சார்,
டிபன் டப்பாவைத் திறந்தபடி.
"நீ பேரை மட்டும் எழுது."

*

சனிக்கிழமை கையுறை இல்லாமல் போனேன்.
டெம்போ வந்தது.
நீலத் தார்ப்பாய்க்குக் கீழிருந்து
கொக்கி மாட்டி இழுத்தார்கள் ஒரு பாளத்தை.
சாக்கடை மூடிமேல் வழுக்கி,
யாரோ துப்பிய பான் சிவப்பின்மேல் உருண்டு
அவள் கடைக்குமுன் வந்து நின்றது,
கண்ணாடிபோல.

"இன்னிக்கும் பில் வேணுமா?"

நான் தட்டில் பார்த்ததைச் சொன்னேன்.
என் மராத்தியில் அது
இருந்ததைவிட மோசமாக ஒலித்திருக்கும்.

சந்தா பாளத்தைச் சுத்தியலால் உடைத்தாள்.
"இது வராட்டா
செத்த மீன் பத்து மணிக்கு இன்னொரு தடவை சாகும்.
அப்பவும் என் பேரைத்தானே எழுதுவே?"

பதில் என்னிடம் இல்லை.
ஐஸ் எந்த ஃபாக்டரி என்று கேட்டேன்.
வாய் திறக்கவில்லை அவள்.
மோவாயை மட்டும் டெம்போ பக்கம் திருப்பினாள்,
ஈ விரட்டுகிற மாதிரி.

பீடித்தாளின் பின்பக்கம் வண்டி எண்ணை எழுதினேன்.
ஈரத்தில் கடைசி இரண்டு எண்கள் ஊறிப்போயின.
ஏழா, ஒன்றா.

ஒரு வாவல் எடுத்தேன், வீட்டுக்கு.
நாற்பது ரூபாய் குறைத்துக் கேட்டேன்.
திட்டினாள்.
முகம் கொஞ்சம் இளகியது.

இரவு குழம்பைக்
கொதிக்கக் கொதிக்க விட்டேன்,
அணைக்க மனம் வரவில்லை.
கிளாட்சன் கரண்டியால் கிளறிவிட்டு,
"மீன் எங்கடி?
முள்ளுதான் இருக்கு" என்றான்.